புளி போட்டுத் தேய்த்த காசு

சென்ற வாரம் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஜாடி எங்கும் போய்விடாது. இன்னும் ஒரு வாரம் ஊறட்டும். அதற்கு முன்னால், அமெரிக்காவில் என் பெண் வீட்டில் தங்கியிருந்தபோது நான் செய்த ஓர் அசட்டுக் காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். "அம்மா, தயவு செய்து இதைப் பத்திரிகையில் எழுதிவிடாதே" என்று என் பெண் கேட்டுக்கொண்டாள். அவள் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் ஒருவேளை மறந்தே போயிருப்பேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் இருப்பது மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில். பாஸ்டன் நகரத்திலிருந்து மேற்கே காரில் ஒரு மணி நேரம் போக வேண்டும். நான் போனது ஐப்பசி மாதம். மரங்களின் மேல் யாரோ குங்குமத்தையும் மஞ்சளையும் அள்ளிக் கொட்டினாற்போல் இருந்தது. காலையில் காப்பித் தம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்தால், பக்கத்து வீட்டுப் பெரியவர் தம்முடைய புல்தரையில் உலாவுவது தெரியும். காதில் இரண்டு மூடிகள். கையில் ஒரு நீளக் கழி. கழியின் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டத் தட்டு. அந்தத் தட்டால் புல்லைத் தடவிக்கொண்டே நடப்பார். திடீரென்று நிற்பார். மண்டியிட்டு உட்கார்ந்து சின்னக் கொத்துக் கரண்டியால் மண்ணைக் கிளறுவார். எதையோ எடுத்துப் பார்ப்பார், பையில் போட்டுக்கொள்வார், மறுபடியும் தடவல்.

"பாவம், மனுஷருக்கு என்ன கஷ்டமோ!" என்றேன்.

பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாட்டி, அது மெட்டல் டிடெக்டர். மண்ணுக்குள்ளே காசு, பித்தான் ஏதாவது இருந்தால் சத்தம் போடும்."

அன்று சாயந்தரமே வேலியோரம் நின்று அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். "புதையல் ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது? அவர் தொப்பியை எடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். "முப்பது வருஷமாகத் தேடுகிறேன். கிடைத்ததையெல்லாம் விற்றால் பாட்டரிச் செலவுக்குக்கூடக் காணாது" என்றார். அப்புறம், "சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் ஒரு பண்ணைக்குப் போகிறோம். நீங்களும் பையனும் வருகிறீர்களா?" என்று அழைத்தார்.

அந்தக் கருவி வேலை செய்கிற விதத்தையும் அவரே விளக்கினார். தட்டுக்குள் இருப்பது கம்பிச் சுருள். அதில் மின்சாரத்தைத் திசை மாற்றி மாற்றி ஓட விட்டால் காந்த சக்தி மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள்ளும் ஒரு குட்டி மின்சாரச் சுழல் உண்டாகிப் பதில் கொடுக்கிறது. தட்டிலுள்ள இன்னொரு சுருள் அந்தப் பதிலை வாங்கிச் சத்தமாக மாற்றுகிறது. இரும்பு ஆணி என்றால் பன்றி உறுமுகிற மாதிரி. செம்பும் வெள்ளியும் என்றால் மணி அடிக்கிற மாதிரி. நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது. அது தங்க மோதிரமாகவும் இருக்கலாம், சோடா டப்பாவின் மூடி வளையமாகவும் இருக்கலாம். முப்பது வருஷத்தில் எத்தனை மூடி வளையம் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

இந்த யோசனை ஒன்றும் புதிதல்ல. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் இதே மாதிரி ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு ஓடினார். கட்டில் மெத்தையிலிருந்த இரும்புக் கம்பிகள் காரியத்தைக் கெடுத்தன என்று சொல்வார்கள். குண்டு அகப்படவில்லை, ஜனாதிபதி செப்டம்பரில் காலமானார். இரண்டாவது உலக யுத்தத்தில் மண்ணில் புதைத்த வெடிகளைக் கண்டுபிடிக்கக் கருவி வந்தது. அப்புறம்தான் இப்படிச் சனிக்கிழமைப் பொழுதுபோக்காயிற்று.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். வாத்தியாரைத் தவிர மற்ற இரண்டு பேரில் ஒருவர் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர். இன்னொருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற அம்மாள். குழாய்க்காரர் பேசாததையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். இருபது வருஷ சிநேகிதமாம். அவர்களுக்குள் ஒரு நியமம் உண்டு. யார் எதைக் கண்டெடுத்தாலும் மற்ற இரண்டு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்க்க வேண்டும். துருப்பிடித்த லாடமானாலும் பார்த்து, "பேஷ்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போகலாம்.

பண்ணைக்குச் சொந்தக்காரி எழுபதைத் தாண்டிய ஒரு விதவை. வாசலிலேயே நின்று எங்களை வரவேற்றாள். அந்தத் தேசத்தில் தனியார் நிலத்தில் தோண்ட வேண்டுமானால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும். மத்திய சர்க்காரின் நிலத்தில் அனுமதியில்லாமல் பழங்காலப் பொருளைத் தோண்டினால் 1979-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். நம் ஊரிலோ 1878-லேயே வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். பூமிக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தோட்டத்தில் கறிவேப்பிலைக் கன்று நடக் குழி வெட்டும் சகோதரிகள் இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பண்ணைக்காரி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "கிடைப்பதெல்லாம் என்னிடம் வர வேண்டும். விற்பதற்கு அல்ல. காட்டுக்குள்ளே ஒரு வீட்டின் அஸ்திவாரக் குழி இருக்கிறது. அந்த வீடு எந்தக் காலத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். என் வீட்டுக்காரர் சாகிற வரையில் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். எங்களிடம் இருக்கிற பத்திரங்கள் அவ்வளவு பின்னால் போகவில்லை."

அந்தக் காட்டை நீங்கள் பார்க்க வேண்டும். நடுக் காட்டில் இடுப்பளவு கற்சுவர்கள் ஓடுகின்றன. காட்டுக்கு எதற்குச் சுவர்? ஒரு காலத்தில் அதெல்லாம் வயலும் மேய்ச்சல் நிலமுமாக இருந்தது. உழும்போது வந்த கல்லையெல்லாம் பொறுக்கி வரப்பிலே அடுக்கினார்கள். பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கே நல்ல மண் இருக்கிறதென்று ஜனங்கள் கிளம்பிப் போனார்கள். ஆலை வேலைக்கும் போனார்கள். விட்டுப்போன வயலை மரங்கள் பிடித்துக்கொண்டன. வீடு மக்கிவிட்டது, கல் கட்டிய நிலவறைக் குழி மட்டும் மிச்சம். அதன் பக்கத்தில் ஒரு லைலாக் புதர். "காட்டில் லைலாக்கைக் கண்டால் அங்கே ஒரு வாசற்படி இருந்தது என்று அர்த்தம்" என்றார் பஸ் அம்மாள். வாசலில் யாரோ ஒருத்தி ஆசையாக நட்டது. நட்டவள் போய்விட்டாள், வாசலும் போய்விட்டது, புதர் மட்டும் வருஷா வருஷம் பூக்கிறது. நம் ஊரில் பாழடைந்த வீட்டு முற்றத்தில் துளசி மாடம் நிற்பதைப் பார்த்தால் மனசு என்ன செய்யுமோ, அதே மாதிரி எனக்கு இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் ஆணிதான். அப்புறம் தட்டையான பித்தளைப் பித்தான்கள், ஒன்றல்ல, ஐந்து. ஓர் ஈயக் குண்டு. செருப்பில் போடுகிற கொக்கியின் பாதி. ஒவ்வொன்றுக்கும் மூவரும் கூடி "பேஷ்" சொன்னார்கள். புல்லை வெட்டுகிற அழகைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இட்லியைத் தட்டிலிருந்து எடுக்கிற மாதிரி வேரும் மண்ணுமாக ஒரு வட்டத்தை எடுத்து, துணி மேல் வைத்து, காரியம் முடிந்ததும் திரும்பப் பொருத்திக் காலால் அமுக்கிவிடுகிறார்கள். தோண்டின அடையாளமே இல்லை.

குழாய்க்காரர் கொண்டுவந்து காட்டியது ஒரு சின்னப் பித்தளைக் குப்பி. தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்வோமே, அந்த விரலுறை. என் சுண்டு விரலில்கூட ஏறவில்லை. "சின்னப் பெண்ணுடையது" என்றார். அன்று முழுவதும் அவர் பேசிய நாலைந்து வார்த்தைகளில் இவை இரண்டு. அந்தக் காலத்தில் அங்கே ஐந்து ஆறு வயதிலேயே பெண் குழந்தைகளைத் தைக்க உட்கார வைத்துவிடுவார்களாம். விரலுறையின் உச்சியில் ஊசி தேய்த்துத் தேய்த்து ஒரு ஓட்டை. எத்தனை முழத் துணியோ! தொலைத்ததற்கு அடி வாங்கினாளோ என்னவோ.

பதினொரு மணிக்கு வாத்தியார் தம்முடைய கருவியை என் கையில் கொடுத்தார். கனம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் தோள் பத்து நிமிஷத்தில் கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. லைலாக் புதருக்கு நாலடி தள்ளி, காதில் கணீரென்று ஒரு மணி. எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. பேரன் தோண்டினான். கேரட் நிறத்தில் ஒரு கைக்கருவியைக் குழிக்குள் விட்டுத் துழாவினான். அரைச் சாண் ஆழத்தில், பச்சைப் பசேலென்று ஒரு வட்டம். நம் பழைய காலணாவை விடச் சற்றுப் பெரிது. மூவரும் ஓடி வந்தார்கள்.

"செம்பு அரைப் பென்னி! ராஜா காலத்துக் காசு" என்றார் வாத்தியார். அவர் குரல் நடுங்கியது. பேரன் தன் கைப்பேசியால் ஒரு படம் எடுத்தான். "துடைக்காதே, தேய்க்காதே! வீட்டில் போய் நிதானமாகப் பார்க்கலாம். வருஷம் மட்டும் தெரிந்துவிட்டால்..." என்று சொல்லி நிறுத்திவிட்டுப் பண்ணை வீட்டுப் பக்கம் பார்த்தார்.

மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் கொண்டுபோன தயிர்சாதத்தைப் பஸ் அம்மாள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். (மாவடு வேண்டாம் என்றார்; அது அவர் துரதிர்ஷ்டம்.) அப்போதுதான் அவர் கேட்டார்: "உங்கள் தேசத்துக் கப்பலில் போன வெள்ளி எங்கள் மண்ணில் கிடைத்தது தெரியுமா?"

2014-ஆம் வருஷம். பக்கத்து மாகாணமான ரோட் ஐலண்டில் மிடில்டவுன் என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழத்தோட்டம். இவர்களைப் போலவே கருவி வைத்துக்கொண்டு தேடுகிற ஒருவருக்கு அங்கே ஒரு சின்னக் கறுத்த வெள்ளிக் காசு அகப்பட்டது. ஸ்பெயின் தேசத்துக் காசாக இருக்கும் என்று நினைத்தாராம். அப்படி நினைத்ததில் தப்பில்லை. குடியேற்றக் காலத்தில் இங்கிலாந்து இவர்களுக்குப் போதிய நாணயம் அனுப்பவில்லை. ஸ்பானிய வெள்ளிதான் கடைத்தெருவில் ஓடியது. சில்லறை இல்லாவிட்டால் பெரிய காசைத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். மாஸசூஸெட்ஸ்காரர்கள் தாங்களே 1652-ல் ஒரு நாணயசாலை வைத்து, அப்புறம் பல வருஷம் அடித்த காசுகளிலும் பெரும்பாலும் அதே 1652-ஐத்தான் பொறித்தார்கள்! ஆனால் இந்தக் காசை உற்றுப் பார்த்தால் அதில் இருந்தது அரபு எழுத்து. விசாரித்ததில், 1693-ல் ஏமன் தேசத்தில் அடித்தது என்று தெரிந்தது. இங்கே மாட்டுப் பண்ணையும் மாதா கோவிலுமாக இருந்த ஊரில் ஏமன் காசுக்கு என்ன வேலை?

அதற்கு அவர் சொன்ன பதில் ஒரு கடற்கொள்ளைக்காரன் பெயர்: ஹென்றி எவரி. பஸ் அம்மாள் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மீதியை நான் பிறகு தேடிப் படித்தேன்.

1695-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். அவுரங்கசீப் பாதுஷாவுக்குச் சொந்தமான 'கஞ்ச்-இ-சவாய்' என்ற பெரிய கப்பல் மெக்கா யாத்திரை முடித்த ஜனங்களை ஏற்றிக்கொண்டு சூரத் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கூட வந்த இன்னொரு கப்பல் சூரத் வியாபாரி ஒருவருடையது. எவரி தன் கூட்டத்தோடு வழி மறித்தான். முதலில் வியாபாரியின் கப்பல். பிறகு பாதுஷாவின் கப்பல். கூட்டுச் சேர்ந்து வந்த கொள்ளைக்காரர்களில் ஒருவனான தாமஸ் டியூ அந்தச் சண்டையில் செத்தான். அவன் எந்த ஊர்க்காரன் என்கிறீர்கள்? ரோட் ஐலண்டிலுள்ள நியூபோர்ட். காசு கிடைத்த மிடில்டவுனுக்கு அடுத்த ஊர்!

அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியரான காஃபி கான் இந்தச் சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். கப்பலில் 52 லட்சம் ரூபாய் பெறுமான வெள்ளியும் பொன்னும் இருந்ததாம். அது எங்கிருந்து வந்த பணம்? மோக்காவிலும் ஜெட்டாவிலும் இந்தியச் சரக்குகளை விற்ற பணம் என்கிறார். மோக்கா என்பது ஏமன் தேசத்துத் துறைமுகம். காப்பிக்கு அந்தப் பெயர் வந்தது அதனால்தான். இந்தியச் சரக்கு என்றால் பெரும்பாலும் துணி. ஆக, நம் தேசத்தில் யாரோ ஒருத்தி ராட்டையில் நூற்று, யாரோ ஒருவன் தறியில் நெய்த துணிக்குக் கூலியாக வந்த வெள்ளி அது.

கப்பலில் யாத்திரை போன பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு நடந்ததைக் குடும்பப் பத்திரிகையில் விவரமாக எழுத எனக்குக் கை வரவில்லை. மானத்தைக் காத்துக்கொள்ளச் சிலர் கடலில் குதித்தார்கள், சிலர் கத்தியால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று காஃபி கான் எழுதுகிறார். பாதுஷாவுக்குக் கோபம் வந்தது. சூரத்திலிருந்த ஆங்கிலக் கம்பெனிக்காரர்களைச் சிறையில் போட்டார்கள். எவரியின் தலைக்கு விலை வைத்தார்கள். அவன் ஆட்களில் ஐந்து பேரை 1696-ல் லண்டனில் தூக்கிலிட்டார்கள். எவரி மட்டும் அகப்படவே இல்லை. பஹாமா தீவுக்குப் போய்ச் சேர்ந்தான், கூட்டம் நாலாபுறமும் சிதறியது. அவர்களில் சிலர் அமெரிக்கக் கரைக்கு வந்து, கொள்ளையடித்த வெள்ளியைச் செலவழித்துக்கொண்டு சாதுவாக வாழ்ந்துவிட்டார்கள் என்பதுதான் அந்தக் கருவிக்காரர் அந்தக் காசை வைத்துக் கட்டிய வாதம். 2021-ல் இந்தச் செய்தி உலகமெங்கும் வந்தபோது, அதே காலத்து அரபுக் காசுகள் இன்னும் 15 கிடைத்திருந்தன: மாஸசூஸெட்ஸில் 10, ரோட் ஐலண்டில் 3, கனெக்டிகட்டில் 2. அத்தனையும் எவரியின் கூட்டம் கொண்டுவந்ததுதான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. செங்கடல் பக்கம் கொள்ளைக்குப் போய்த் திரும்பியவர்கள் வேறு பேரும் உண்டு. அந்த டியூவே முன்னொரு தரம் போய்ப் பணத்தோடு நியூபோர்ட்டுக்குத் திரும்பியவன்தான்.

எவரி பெயரைப் பாட்டில் வைத்தார்கள், புத்தகத்தில் வைத்தார்கள். கடலில் குதித்தவர்களில் ஒருத்தி பெயரைக்கூட நான் படித்த எதிலும் காணோம். அந்தக் காசு ஒரு கடை அலமாரியில் கிடந்திருந்தால் அதற்கு நாலு காசு விலை; அவ்வளவுதான். அந்தத் தோட்டத்து மண்ணில், அந்த இடத்தில் கிடைத்தது என்பதனால்தான் அது வாயைத் திறந்து பேசிற்று.

இவ்வளவையும் தெரிந்துகொண்டவள் பிறகு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

பண்ணைக்காரி அந்தப் பச்சைக் காசை ஓர் இரவுக்கு என்னிடம் கொடுத்தாள். "உங்கள் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காட்டிவிட்டு நாளைக்குக் கொண்டு வாருங்கள், வருஷம் என்ன என்று வாத்தியார் பார்க்கட்டும்" என்றாள். முன்பின் தெரியாத என்னை நம்பிக் கொடுத்தாள். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. யாருடைய முகம் அதில் இருக்கிறது? என்ன வருஷம்? விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன், ஒரே களிம்பு. சமையலறையில் பெண் ஊற வைத்திருந்த புளி கண்ணில் பட்டது. வாத்தியார் தேய்க்காதே என்று சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. 'இவர்களுக்குத் தேய்க்கத் தெரியாது. ஐம்பது வருஷமாகச் செம்புப் பாத்திரம் தேய்த்த கை இது' என்று ஓர் அகம்பாவம். ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷத்தில் காசு பளபளவென்று ஆகிவிட்டது. தீபாவளிக்குத் தேய்த்த தவலை மாதிரி. அவ்வளவு சுத்தம். முகமும் இல்லை, எழுத்தும் இல்லை, வருஷமும் இல்லை. இரண்டு பக்கமும் குண்டும் குழியுமான வெறும் தகடு.

மறுநாள் காலையில் வாத்தியார் வந்தார். உள்ளங்கையை நீட்டிக் காட்டினேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இந்த ஊர் மண்ணில் புளிப்பு ஜாஸ்தி. இருநூறு முன்னூறு வருஷத்தில் செம்பின் மேல்தோலே பச்சைக் களிம்பாக மாறிவிடுகிறது. முகமும் எழுத்தும் அந்தத் தோலில்தான் இருக்கும்; அடியில் இருக்காது. தோலை உரித்துவிட்டால்..." மீதியைச் சொல்லவில்லை. புளியிலிருக்கிற அமிலம் களிம்பைக் கரைக்கும் என்பது எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே ஐம்பது வருஷமாக அதைப் போட்டுத் தேய்க்கிறேன்! கரைகிற களிம்புக்குள் ஒரு ராஜா இருப்பார் என்றுதான் தெரியவில்லை.

என் பெண் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பெரிய மனிதர். ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு காப்பி கலந்து கொடுத்தார். அந்தக் காப்பி தொண்டையில் இறங்கவில்லை. அந்த அம்மாள் புருஷன் சாகிற வரையில் கேட்ட கேள்விக்குப் பதில் என் கையில் இருந்தது. அதைத் தண்ணீர்த் தொட்டியில் கழுவி விட்டுவிட்டேன்.

பேரன்தான் காப்பாற்றினான்; முழுக்க அல்ல, பாதி. குழியிலிருந்து எடுத்தவுடன் பிடித்த படம் அவன் கைப்பேசியில் இருந்தது. சாய்வாக வெயில் பட்டிருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, களிம்பின் மேல் ஒரு தலையின் உருவம் நிழல் மாதிரி தெரிந்தது. மூக்கு இடது பக்கம். ஓரத்தில் 'ஜார்ஜ்' என்ற பெயரின் முதல் மூன்று எழுத்துக்கள். வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இங்கிலாந்து ராஜாக்கள் காசில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒருவர் வலது பக்கம் பார்த்தால் அடுத்தவர் இடது பக்கம் பார்ப்பார். முதல் ஜார்ஜ் வலது. இரண்டாம் ஜார்ஜ் இடது. மூன்றாம் ஜார்ஜ் மறுபடி வலது. நம் வீட்டுக் காலணாவில் இருந்தவர்கள் ஐந்தாவதும் ஆறாவதும். இவர் இரண்டாமவர்! அவருடைய செம்பு அரைப் பென்னி அடித்தது 1729-லிருந்து 1754 வரையில். வருஷம் பொறித்திருக்கிற பக்கம் மண்ணைப் பார்த்து இருந்ததால் படத்தில் இல்லை. அது போனது போனதுதான். காசு அடித்த வருஷத்திலேயே தொலைந்தது என்றும் சொல்ல முடியாது. கை மாறிக் கை மாறி எத்தனையோ காலம் ஓடியிருக்கலாம். "ஆனாலும் பித்தான்கள், செருப்புக் கொக்கி, இந்தக் காசு மூன்றும் ஒரே வாசலில் கிடக்கின்றன. 1776-க்கு முன்னால், ராஜா காலத்திலேயே அந்த வாசலில் மனுஷர்கள் நடமாடியிருக்கலாம் என்று நான் நினைக்கிறேன். இன்னும் தேடிப் பார்க்க வேண்டும்" என்றார் வாத்தியார்.

சாயந்தரம் பண்ணை வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் இங்கிலீஷில் என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவளைக் கண்டதும் எல்லாம் மறந்துவிட்டது. காசையும் படத்தையும் மேஜை மேல் வைத்து, நடந்ததைச் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். அவள் படத்தை வெகு நேரம் பார்த்தாள். "ராஜா காலத்திலேயா?" என்று வாத்தியாரை ஒரு தரம் கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் சுவரில் மாட்டியிருந்த வயதான மனிதரின் போட்டோவைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். விரலுறையை எடுத்துத் தன் சுண்டு விரலில் மாட்டிப் பார்த்தாள். அவளுக்கும் ஏறவில்லை.

அப்புறம் பளபளக்கிற அந்தத் தகட்டைக் கையிலெடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன மருந்து போட்டீர்கள்?"

"புளி" என்றேன். கைப்பையில் ஒரு பொட்டலம் இருந்தது. என்ன தேய்த்தேன் என்று காட்டுவதற்காகக் கொண்டுபோயிருந்தேன்.

"கொஞ்சம் வாருங்கள்" என்று சமையலறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். உத்திரத்தில் ஒரு பெரிய செம்புச் சட்டி, அடுப்புக்கரி மாதிரிக் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மாமியாருக்கு மாமியார் வைத்திருந்ததாம். நாற்பது வருஷமாக என்னென்னவோ பொடி போட்டுப் பார்த்தும் மசியவில்லையாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். புளியைக் கரைத்து, உப்பைப் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தோம். ஒரு மூலையில் செம்பு சிவக்கச் சிவக்க வெளியே வந்தது. அவள் சின்னப் பெண் மாதிரி கை தட்டினாள்.

வாசற்படியில் வாத்தியார் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். லேசாகக் கனைத்தார்.

"மன்னிக்க வேண்டும். அதன் அடியில் செய்தவன் முத்திரை ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பார்த்தீர்களா?"

எங்கள் இரண்டு பேர் கையும் அப்படியே நின்றுவிட்டது.